ஹேக் நகரில் மார்ஷல் தீவுகளின் வழக்கு

1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு ஞாயிறன்று, ஆராதனை முடிந்து கூடியிருந்த பிக்கினித் தீவு மக்கள்முன் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வையட் நின்றார். அணுகுண்டுச் சோதனைக்காகத் தீவை விட்டுத்தர வேண்டும், அது மனுக்குலத்தின் நன்மைக்கும் போர்களின் முடிவுக்கும் ஏதுவாகும் என்றார். வாக்குத்தத்த நாட்டிற்கு நடத்தப்பட்ட இஸ்ரவேலரோடு அவர்களை ஒப்பிட்டார். 1857 முதல் மார்ஷல் தீவுகளில் மிஷனரிகள் விதைத்த சுவிசேஷத்தில் வளர்ந்த மக்கள் அவர்கள். எல்லாம் கடவுளின் கரத்தில் உள்ளது என்று தலைவர் ஜூடா விடையளித்தார். 167 பேர் புறப்பட்டனர். குடியேறிய ரோங்கெரிக் தீவில் பாலும் தேனும் ஓடவில்லை. இரண்டாண்டுகளுக்குள் பட்டினியே மிஞ்சிற்று.

யாத்திராகமத்தில் மக்களை வெளியே நடத்துகிறவர் அவர்களது கூக்குரலைக் கேட்ட ஆண்டவர். இங்கோ வெளியேற்றியவர் அவர்களது நிலத்தை வேண்டியவரே. திருமறையை மேற்கோள் காட்டுகிறவர் யார், அதனால் ஆதாயம் அடைகிறவர் யார் என்று கேட்கப் பிரசங்கிகளாகிய நாம் எத்துணை முறை தவறியிருக்கிறோம்!

1958 வரை அத்தீவுகளில் 67 சோதனைகள் நடந்தன. 1954 மார்ச் 1 அன்று வெடித்த 'பிராவோ' குண்டு ஹிரோஷிமாவில் வீசப்பட்டதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமையுடையது. அதன் வெண்சாம்பல் ரோங்கெலாப் மக்கள்மீது பொழிந்தது. இரண்டு நாள் கழித்தே அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். சோதனைகளை நிறுத்துமாறு அவ்வாண்டே மார்ஷல் மக்கள் ஐ.நா. அவைக்கு விண்ணப்பித்தனர். சோதனைகளோ தொடர்ந்தன.

லிக்கியெப் தீவில் பாட்டனாரோடு மீன்பிடிக்கச் சென்றிருந்தபோது அன்றைய ஒளியைக் கண்ட ஒன்பது வயதுச் சிறுவன் டோனி டிபிரம், பின்னாளில் வெளியுறவு அமைச்சரானார். 2014 ஏப்ரல் 24 அன்று அவரது நாடு, அணுப்படைக்கலம் உடைய ஒன்பது நாடுகளுக்கு எதிராகப் பன்னாட்டு நீதிமன்றத்தை அணுகியது. தன் மக்களுக்கு அது இழப்பீடு கேட்கவில்லை. அணுப்படைக்கல ஒழிப்புக்கான பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்தோடு நடத்தி முடிக்கும் கடமை உண்டென 1996-இல் அதே நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்திருந்தது. அக்கடமையை நிறைவேற்றுமாறு கட்டளையிடும்படியே வேண்டியது. ஏழைத் தீவொன்று உலகனைத்திற்காகவும் வழக்காடியது என்பதே நம்மை வியக்கவைக்கிறது.

நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்றிருந்த மூன்று நாடுகள்மீது மட்டுமே வழக்கு நடந்தது. பிரிட்டன், பாகிஸ்தானோடு இந்தியாவும் அவற்றுள் ஒன்று. 1988-இல் அணுப்படைக்கலமற்ற உலகிற்கான திட்டத்தை ஐ.நா. அவையில் முன்வைத்த நம் நாடு, பரவல் தடை ஒப்பந்தத்தில் தான் சேரவில்லையாதலால் அக்கடமை தன்னைக் கட்டுப்படுத்தாது என வாதிட்டது. சட்டத்தில் அவ்வாதத்திற்கு இடமிருக்கலாம். ஆயினும் நம் சபைகளில் இவ்வழக்கைக் குறித்துப் பேச்சே எழாதது நமக்கு வருத்தமளிக்கிறது.

2016 அக்டோபர் 5 அன்று தீர்ப்பு வந்தது. வழக்குத் தொடுக்கப்பட்டபோது இரு தரப்பினரிடையே 'பிணக்கு' இருந்ததாக நிறுவப்படவில்லை என்று நீதிமன்றம் அதனைத் தள்ளியது. இந்தியா, பாகிஸ்தான் வழக்குகளில் ஒன்பதுக்கு ஏழு. பிரிட்டன் வழக்கில் எட்டுக்கு எட்டாகி, தலைவரின் தீர்மான வாக்கே முடிவுசெய்தது. கடமை மீறப்பட்டதா என்ற கேள்வி விசாரணைக்கே வரவில்லை. மறு ஆண்டு டிபிரம் மறைந்தார்.