ஒரு போன் பூத்தும் 1 கோடி டாலரும்

போன மாதம் எங்கள் பெரியப்பா ஏமாந்துவிட்டார். ரிட்டயர்டு வாத்தியார். "சார், உங்க பென்ஷன் அக்கவுண்டுக்கு கேஒய்சி முடிஞ்சு போச்சு, சாயங்காலம் ப்ளாக் ஆயிடும்" என்று ஒருவன் போன் செய்திருக்கிறான். பெயர், கிளை, டெபிட் கார்டின் கடைசி 4 எண் எல்லாவற்றையும் அவனே சரியாகச் சொன்னான். மெசேஜில் வந்த ஓடிபியைப் பெரியப்பா படித்துக் காட்டினார். அவ்வளவுதான், 38 ஆயிரம் ரூபாய் போயிற்று. பணம் போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். "படிச்ச மனுஷன் நீங்களே இப்படிப் பண்ணலாமா" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு வாரம் வாசல் பக்கமே வரவில்லை.

படித்தவர் ஏமாற மாட்டார் என்று யார் சொன்னது? இதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் 1978-ல் நடந்த ஒரு கதை கிடைத்தது. அதில் ஏமாந்தது பென்ஷன்காரர் இல்லை, ஒரு வங்கி. அதுவும் கோடிக்கணக்கில் பணம் அனுப்புவதையே வேலையாக வைத்திருந்த அதன் தலைமையக அறை!

இடம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ். வங்கியின் பெயர் செக்யூரிட்டி பசிபிக் நேஷனல் பேங்க் (இப்போது இல்லை, 1992-ல் பேங்க் ஆஃப் அமெரிக்காவோடு இணைந்துவிட்டது). நம்ம ஆசாமி ஸ்டான்லி மார்க் ரிஃப்கின், வயது 32, கம்ப்யூட்டர் ஆலோசகர். வங்கியின் ஊழியர் இல்லை. வங்கியில் "வயர் ரூம்" என்று ஒரு அறை உண்டு. மற்ற வங்கிகளுக்குப் பணம் அனுப்புவது அங்கிருந்துதான். அந்த அறையின் கம்ப்யூட்டர் பழுதானால் மாற்று ஏற்பாடு என்ன என்பதை வடிவமைக்கும் வேலைக்கு வெளியிலிருந்து வந்தவர் ரிஃப்கின். அதனால் உள்ளே போய்வர அவருக்குத் தடையே இல்லை.

பணம் அனுப்பச் சொல்லும் அதிகாரி போனில் அன்றைய ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். தினம் ஒரு எண். நல்ல ஏற்பாடுதானே? ஆனால் தினமும் மாறும் எண்ணை யார் மனப்பாடம் செய்வது? ஊழியர்கள் அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டார்களாம். கெவின் மிட்னிக் 2002-ல் வெளியிட்ட 'தி ஆர்ட் ஆஃப் டிசெப்ஷன்' புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இதைச் சொல்கிறார். (மிட்னிக்கே போனில் ஆட்களை ஏமாற்றி கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்து, 1995-ல் பிடிபட்டு, 2000 வரை சிறையில் இருந்தவர். கதை சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது :-) )

1978 அக்டோபர் 25. ரிஃப்கின் குறிப்பு எடுப்பது போல அந்த அறைக்குள் போனார், சீட்டைப் பார்த்தார், எண்ணை மனதில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். நேராகப் பொதுத் தொலைபேசிக்குப் போய் அதே அறைக்குப் போன் போட்டார். "பன்னாட்டுப் பிரிவிலிருந்து மைக் ஹேன்சன் பேசுகிறேன்." எடுத்த பெண் ஊழியர் முறைப்படி எண்ணைக் கேட்டார், இவரும் சொன்னார். நியூயார்க்கின் இர்விங் டிரஸ்ட் கம்பெனி வழியாக ஸ்விட்சர்லாந்தில் ஜூரிக் நகரத்து வங்கி ஒன்றுக்கு 1 கோடியே 2 லட்சம் டாலர் அனுப்பச் சொன்னார்.

அப்போது அந்தப் பெண் இன்னொரு எண்ணையும் கேட்டார். கிளைகளுக்கு இடையே கணக்கு நேர்செய்யும் எண். இவருக்குத் தெரியாது! நானாக இருந்தால் அங்கேயே ரிசீவரை வைத்துவிட்டு ஓடியிருப்பேன். ரிஃப்கின் கொஞ்சமும் பதறாமல் "பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்றார். வங்கியின் வேறொரு பிரிவுக்குப் போன் செய்து, வயர் ரூமிலிருந்து பேசுவதாகச் சொல்லி அந்த எண்ணைக் கேட்டு வாங்கினார். திரும்ப இங்கே கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பெண் நன்றி சொல்லிப் பணத்தை அனுப்பிவைத்தார்.

அந்தப் பணத்தில் 81 லட்சத்து 45 ஆயிரம் டாலருக்கு ரிஃப்கின் சோவியத் வைரம் வாங்கி அமெரிக்காவுக்குக் கடத்தி வந்தார். வங்கிக்கோ பணம் போனதே தெரியாது. எஃப்பிஐ போய்ச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நவம்பர் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஆள் பிடிபட்டார். ஜாமீனில் இருந்தபோது இன்னொரு வங்கியில் இதே வேலைக்கு முயன்று மறுபடியும் மாட்டினார். 1979-ல் 8 ஆண்டு சிறைத்தண்டனை.

இதைப் படித்ததும் எனக்கு பெரியப்பாவின் போன் கால்தான் ஞாபகம் வந்தது. கார்டின் கடைசி 4 எண்ணைச் சொன்னவன் மைக் ஹேன்சன் செய்ததைத்தான் செய்தான். உள்ளே இருப்பவனுக்கு மட்டுமே தெரியும் என்று நாம் நினைக்கிற ஒன்றைச் சொன்னால் நம்பிவிடுகிறோம். ஓடிபி அந்த தினசரி எண்ணின் பேரப்பிள்ளை. ஒரு வித்தியாசம்தான்: அதன் ஆயுள் ஒரு நாள், இதன் ஆயுள் சில நிமிடம். அதனால்தான் இன்றைய திருடன் போனை வைக்கவே விடமாட்டேன் என்கிறான்.

நம் நாட்டில் 2009 ஆகஸ்டிலிருந்து, இணையத்தில் கார்டு பயன்படுத்தினால் கார்டில் அச்சாகாத இன்னொரு கடவுச்சொல்லும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நல்ல விதி. ஆனால் கார்டைத் திருடினால் மட்டும் போதாது என்று ஆனதும், திருடன் கார்டு வைத்திருப்பவரிடமே பேச ஆரம்பித்தான். ஜார்க்கண்டின் ஜாம்தாரா இதற்கென்றே பெயர் வாங்கிவிட்டது. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் கடைசிக் காலத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த கர்மாடாண்ட் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாவம் அந்த ஊர்.

சிலர் போனில்கூடப் பேசுவதில்லை. உங்கள் அடையாள அட்டை நகலைக் காட்டி உங்கள் எண்ணுக்கே டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுகிறார்கள். ஓடிபி நேராக அவனுக்குப் போய்விடும். எல்லோருக்கும் சிக்னல் இருக்கும்போது உங்கள் போனில் மட்டும் மணிக்கணக்கில் இல்லையென்றால், முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள்.

1978-க்குத் திரும்புவோம். அந்தப் பெண் ஊழியர் என்ன செய்திருந்தால் தப்பித்திருக்கலாம்? "போனை வையுங்கள் ஹேன்சன், உங்கள் பிரிவின் எண்ணுக்கு நானே கூப்பிடுகிறேன்" என்றிருந்தால் போதும். ரிஃப்கின் நின்றது பொதுத் தொலைபேசியில்! நமக்கும் அதே வழிதான். வந்த அழைப்பை வைத்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சடித்த எண்ணுக்கு நாமே போட வேண்டும். கூகுளில் தேடிக் கிடைக்கிற எண் வேண்டாம், அதிலும் போலி உண்டு. ஏமாந்துவிட்டால் உடனே 1930. ஓடிபியை நாமே சொல்லியிருந்தாலும், வங்கிக்குப் புகார் கொடுத்த பிறகு போகிற பணம் வங்கியின் பொறுப்பு என்று 2017 ஜூலை சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி சொன்னது. அதனால் வெட்கப்பட்டு ஒளித்துவைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நம் பணம்தான். பெரியப்பா பெரியம்மாவிடம் சொல்லவே ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டார். 38 ஆயிரத்தில் 15 ஆயிரம் அந்த ராத்திரியில் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ரிஃப்கின் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஒரு கோடி டாலரா? அந்தப் பொண்ணு தேங்க்ஸ் வேற சொல்லுச்சா?" என்று சிரித்தார். அப்புறம் பெரியம்மாவைக் கூப்பிட்டு முதலிலிருந்து அவரே சொல்ல ஆரம்பித்தார்.