பெஸ்ஸி ஸ்மித்

பெஸ்ஸி ஸ்மித் (1894–1937) ‘ப்ளூஸ் பேரரசி’ எனப் புகழ்பெற்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகி. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் வறிய குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதாகும்போது தாய் தந்தை இருவருமே இல்லை. அக்காள் வயோலா வளர்த்தார். சகோதரர் ஆண்ட்ரூ கிட்டார் வாசிக்க, தெருவில் நின்று காசுக்குப் பாடி ஆடுவது சிறுமியின் வேலை. 1912இல் ஊரூராகச் சுற்றும் மோசஸ் ஸ்டோக்ஸ் கலைக்குழுவில் சேர்ந்தபோது அவரை ஆடத்தான் வைத்துக்கொண்டார்கள். பாட அங்கே மூத்த ப்ளூஸ் பாடகி மா ரெய்னி இருந்தார். ரெய்னிதான் பெஸ்ஸிக்குப் பாடக் கற்றுத்தந்தார் என்பது கட்டுக்கதை. அந்தக் குரல் சட்டனூகா தெருக்களிலேயே உருவாகிவிட்டது.

குரல் கரடுமுரடாக இருக்கிறதென்று சில இசைத்தட்டுக் கம்பெனிகள் அவரைத் திருப்பியனுப்பின. 1923 பிப்ரவரியில் கொலம்பியா கம்பெனிக்காக அவர் பாடிய ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ லட்சக்கணக்கில் விற்றது. அப்போது ஒலிப்பதிவுக்கு மைக் கிடையாது. பெரிய கூம்புக் குழாயின் முன் நின்று பாட, ஒலியின் அதிர்விலேயே ஊசி மெழுகுத் தட்டில் தடம் கீறும். மெல்லிய குரல்கள் இரைச்சலில் அமுங்கிப்போன அக்கருவியில் பெஸ்ஸியின் குரல் மட்டும் சொல்சொல்லாகத் தெளிந்து நின்றது. அரங்கின் கடைசி வரிசைவரை மைக்கின்றிப் பாடிய பழக்கம் அது. 1925 ஜனவரியில் பதிவான ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ அவர் கலையின் உச்சம். ஃபிரெட் லாங்ஷாவின் ஆர்மோனியம் சுருதிபோல் அடியில் நீள, ஒவ்வோர் அடி முடிந்ததும் லூயி ஆம்ஸ்ட்ராங் ஊதும் கார்னெட் பதில் சொல்கிறது. பெஸ்ஸி அவசரமே படாமல் அடுத்த அடியை எடுக்கிறார்.

அந்நாளில் கறுப்பினக் கலைஞர்களில் மிக அதிக ஊதியம் பெற்றவர் அவரே. தெற்கு மாநிலங்களில் தங்க இடம் மறுக்கப்பட்டதால், குழுவோடு பயணிக்கச் சொந்த ரயில் பெட்டி வைத்திருந்தார். பின்னர் பேசும்படமும் வானொலியும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து மேடைகளை முடக்கின. 1931இல் கொலம்பியா அவரைக் கைவிட்டது. 1933இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் ஏற்பாட்டில் கடைசியாக நான்கு பாடல்கள் பதிவாயின, பாட்டுக்கு 37.50 டாலர்.

1937 செப்டம்பர் 26 அதிகாலை, மிசிசிப்பியில் 61ஆம் நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் லாரியில் மோதி, வலக்கை ஏறத்தாழத் துண்டானது. அன்றே கிளார்க்ஸ்டேலில், கறுப்பினத்தவருக்கான மருத்துவமனையில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால்தான் இறந்தார் என்று ஹேமண்ட் எழுதிய செய்தி தவறு. 1970இல் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுவயதில் பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஜுவானிட்டா கிரீனும் பணம் கொடுத்து அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் நட்டனர். 2015இல் அவர் வாழ்க்கை தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது.