திருவுளச்சீட்டில் தேடிய தேவசித்தம்

1731 ஜனவரி 7. ஜெர்மானிய நாடான சாக்சனியில், ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரின் சபையார் ஒன்றுகூடியிருந்தார்கள். தங்கள் முன்னோரின் சபை ஒழுங்கைத் தனியாகக் காத்துக்கொள்வதா, அதை விட்டுவிட்டுச் சுற்றிலுமுள்ள லுத்தரன் திருச்சபையோடு கலந்துவிடுவதா என்பதே கேள்வி. பல நாள் பேசியும் முடிவு எட்டவில்லை. ஆளுக்கொரு நியாயம் இருந்தது. கடைசியில் இரண்டு சீட்டுகளில் இரண்டு வேத வசனங்களை எழுதினார்கள். ஒன்று 1 கொரிந்தியர் 9:21. அது வந்தால் கலந்துவிட வேண்டும். மற்றது 2 தெசலோனிக்கேயர் 2:15. அது வந்தால் பெற்றுக்கொண்டதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சீட்டை எடுத்தது நான்கு வயது நிறையாத சிறுவன் கிறிஸ்டியன் ரெனாட்டஸ், ஊரின் உடைமையாளரான சின்சென்டார்ஃப் பிரபுவின் மகன். அவன் கையில் வந்தது இரண்டாவது சீட்டு.

கலந்துவிடலாம் என்று யோசனை சொன்னவரே பிரபுதான். சீட்டு மாறி வந்ததும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மொராவியத் திருச்சபை இன்றைக்கும் தனிச்சபையாக இருப்பதற்கு அந்த நாள் ஒரு காரணம்.

இந்த மொராவியர் யார்? 1415இல் தீயில் கொல்லப்பட்ட ஜான் ஹுஸ் வழியில் வந்தவர்கள். 1457இல் பொஹீமியாவில் ‘சகோதரர் ஐக்கியம்’ என்று ஒரு சபையாகத் திரண்டவர்கள். 1620க்குப் பிறகு கத்தோலிக்க அரசின் ஒடுக்குமுறையில் சிதறி, நூறாண்டு காலம் மறைவில் ஜெபித்து வாழ்ந்தவர்கள். அவர்களில் சிலர் இரவோடிரவாக எல்லை தாண்டி வந்து சின்சென்டார்ஃபின் நிலத்தில் அடைக்கலம் கேட்டார்கள். 1722 ஜூன் 17 அன்று கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சர் அங்கே முதல் மரத்தை வெட்டினார். அப்படிப் பிறந்த ஊர் ஹெர்ன்ஹூட்.

பிரபுவுக்குத் தமிழ் நிலத்தோடு ஒரு தொடர்பு உண்டு. சிறுவயதில் அவர் படித்தது ஹாலே நகரில், பக்திமான் பிராங்கே நடத்திய பள்ளியில். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவை ஆயத்தப்படுத்தியதும் அதே ஹாலே பக்தி இயக்கம்தான். தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களும் செய்திகளும் பிராங்கேயின் சாப்பாட்டு மேசையில் பேசப்பட்டதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். தூரதேசத்து மனிதர்களைப் பற்றிய பாரம் அவருக்குள் விழுந்த இடம் அது.

சீட்டுப்போடுவதை ஹெர்ன்ஹூட்டார் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. இஸ்ரவேலின் கோத்திரங்களுக்கு நிலம் பிரிக்கப்பட்டது சீட்டினால். யோனாவைக் கப்பலில் அடையாளம் காட்டியது சீட்டு. யூதாஸின் இடத்துக்கு மத்தியா தெரிந்தெடுக்கப்பட்டதும் அப்படித்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம் சொல்கிறது. அந்த நிகழ்ச்சியின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் தகுதி என்ன என்று பேதுரு சொல்கிறார். பிறகு சபை இரண்டு பேரை நிறுத்துகிறது. பிறகு ஜெபம். அதற்குப் பிறகுதான் சீட்டு. ஹெர்ன்ஹூட் பின்பற்ற முயன்றதும் இந்த வரிசையைத்தான். 1727இல் அவர்கள் முதலில் 12 மூப்பர்களைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தப் பன்னிருவரிலிருந்து நான்கு தலைமை மூப்பர்களைச் சீட்டு பிரித்துக் காட்டியது.

காலப்போக்கில் அதற்கு ஒரு முறை அமைந்தது. கேள்வியை மூப்பர் குழு ஒரே வாக்கியமாக எழுதும். அதைச் சொல்லி ஜெபிப்பார்கள். பிறகு ஒரு சீட்டை எடுப்பார்கள். வழக்கமாகச் சீட்டுகள் மூன்று: ஆம், இல்லை, வெற்று. அமெரிக்காவின் சேலம் ஊரில் இந்தச் சீட்டுகளைச் சுருட்டி உள்ளீடற்ற நாணல் குழல்களில் செருகி, ஒரு மரக்கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார்கள். ஆமும் இல்லையும் எல்லாருக்கும் புரியும். வெற்றுச்சீட்டு வந்தால், இது கேட்கும் வேளையல்ல, அல்லது கேள்வியே சரியாகக் கேட்கப்படவில்லை என்று பொருள். அப்போது எல்லாரும் எழுந்து போய்க் காத்திருக்க வேண்டும். தேவசித்தம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பதிலோடு வீடு திரும்பவே விரும்புவார்கள். இந்தச் சபையோ பதிலின்மைக்கும் கிண்ணத்தில் ஓர் இடம் வைத்தது. அந்த வழக்கத்தின் மிக ஆழமான பகுதி அதுவே.

லெயன்ஹார்ட் டோபரின் கதை இதை நன்றாகக் காட்டும். அவர் ஒரு குயவர், வயது இருபத்தைந்து. 1731இல் டென்மார்க் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குப் போன சின்சென்டார்ஃப், அங்கே ஆன்டன் என்ற கறுப்பினத்தவரைச் சந்தித்தார். மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் தாமஸில் அடிமையாக இருந்தவர் அவர். தன் சகோதரியும் மற்ற அடிமைகளும் சுவிசேஷத்தைக் கேட்க ஏங்குகிறார்கள் என்று ஆன்டன் சொன்னார். பிரபு ஊர் திரும்பி ஜூலையில் அதைச் சபையில் சொன்ன இரவு டோபருக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் வேதத்தைத் திறந்தார். உபாகமம் 32ஆம் அதிகாரத்தின் ஒரு வசனம் அவரைத் தொட்டது. நண்பர் டோபியாஸ் லாய்போல்டிடம் சொல்லப் போனால், அவருக்கும் அதே இரவில் அதே பாரம். சில நாள் கழித்து ஆன்டனே ஹெர்ன்ஹூட்டுக்கு வந்து, அடிமைகளிடம் பேச வேண்டுமானால் அவர்களைப் போல உழைக்கிறவனாக வர வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார்.

சபை உடனே அனுப்பிவிடவில்லை. இளைஞர்களின் ஆர்வம் என்று பலர் நினைத்தார்கள். ஓராண்டு ஓடியது. அந்த ஓராண்டில் டோபர் மண்ணைப் பிசைந்துகொண்டும் ஜெபித்துக்கொண்டும் இருந்தார். 1732 ஜூலை 16 அன்று, சீட்டை எடுத்துப் பார்க்கச் சம்மதமா என்று பிரபு கேட்டார். தனக்காக அது தேவையில்லை, சபையின் உறுதிக்காக எடுக்கிறேன் என்பது டோபரின் பதில். வசனங்கள் எழுதிய சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்தார். ஆண்டவர் அவனோடிருப்பதால் பிள்ளையைப் போகவிடுங்கள் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. லாய்போல்டுக்கு இசைவு வரவில்லை, அவர் தங்கிவிட்டார். துணையாக டேவிட் நிச்மான் என்ற தச்சர் போனார். ஆகஸ்ட் 21 அன்று கொஞ்சம் பணத்தோடு கால்நடையாகப் புறப்பட்டு, கோபன்ஹேகனில் கப்பலேறி, டிசம்பர் 13 அன்று செயின்ட் தாமஸ் சேர்ந்தார்கள்.

இந்த இருவரும் தங்களை அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள் என்று பிரசங்கங்களில் சொல்லப்படுவதுண்டு. அப்படி நடக்கவில்லை. டோபர் அதற்குத் துணிந்திருந்தார் என்பது வரை உண்மை. தச்சுவேலை நிச்மானுக்குச் சோறு போட்டது. டோபரின் குயத்தொழிலுக்கு அந்தத் தீவின் மண் உதவவில்லை. ஆனாலும் அவர் தங்கினார். சீட்டைவிட அந்த ஓராண்டுக் காத்திருப்புதான் அவரை அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். 1760இல் பிரபு இறக்கும்போது ஹெர்ன்ஹூட்டிலிருந்து உலகத்தின் பல பக்கங்களுக்குப் போன மிஷனெரிகள் 226 பேர்.

அதே 1760இல் ஒரு குழு தரங்கம்பாடிக்கும் வந்தது. நிக்கோபார் தீவுகளில் ஊழியம் செய்ய வந்தவர்கள் தரங்கம்பாடிக்கு அருகே நிலம் வாங்கி, ‘சகோதரர் தோட்டம்’ என்ற குடியிருப்பை அமைத்தார்கள். ஹாலேயிலிருந்து வந்திருந்த மிஷனெரிகளுக்கு அவர்கள் வருகை பிடிக்கவில்லை. ஒரே நாட்டவர், ஒரே ஆண்டவரின் ஊழியர்கள், ஆனாலும் பல ஆண்டு மனக்கசப்பு. நிக்கோபாரில் 1768 முதல் 1787 வரை பாடுபட்டார்கள். காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. பிழைத்தவர்களில் ஒருவரான ஹென்சல் பின்னாளில் அந்தத் தீவுகளைப் பற்றி எழுதிய கடிதங்கள் 1812இல் நூலாக வந்தன. 1803 வாக்கில் தோட்டமும் கைவிடப்பட்டது. தேவசித்தம் என்று நம்பிப் புறப்பட்ட பாதை இப்படியும் முடியும் என்பதை அந்தச் சபை மறைக்கவில்லை. தன் வரலாற்றில் எழுதி வைத்தது.

சபையின் துணையில்லாமல் சீட்டு தனியாளின் கைக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு ஜான் வெஸ்லி சாட்சி. ஜார்ஜியா குடியேற்றத்துக்குக் கப்பலில் போகும்போது புயலில் கலங்காமல் பாடிய மொராவியரைக் கண்டு வியந்தவர் அவர். அவர்களுடைய இந்த வழக்கமும் அவரிடம் ஒட்டிக்கொண்டது. சவன்னா ஊரில் சோபி ஹாப்கி என்ற பெண்ணை மணப்பதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் தவித்தார். 1737 மார்ச் 4 அன்று மூன்று சீட்டுகளை எழுதினார்: மணந்துகொள், இந்த ஆண்டு நினைக்காதே, இனி நினைக்கவே நினைக்காதே. நண்பர் டெலமாட் எடுத்துக் கொடுத்தது மூன்றாவது சீட்டு. எட்டு நாளில் சோபி வேறொருவரை மணந்துகொண்டாள். அதற்குப் பிறகு வெஸ்லி அவளுக்குத் திருவிருந்து மறுத்து, வழக்கில் சிக்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் ஜார்ஜியாவைவிட்டே புறப்பட வேண்டியதாயிற்று. சீட்டு ‘வேண்டாம்’ என்றது. மனம் அதற்குக் கீழ்ப்படியவில்லை. 1739இல் பிரிஸ்டல் போவதா என்ற கேள்விக்கும் லண்டனில் சீட்டுத்தான் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பயணத்தில்தான் ஏப்ரல் 2 அன்று அவர் முதன்முறையாக ஆங்கிலேயத் தொழிலாளிகளுக்கு வெட்டவெளியில் பிரசங்கித்தார். மெதடிஸ்ட் இயக்கத்தின் பெருக்கு அங்கே தொடங்கியது.

மொராவியரிடையே சீட்டு அதிகம் தொட்ட இடமும், கடைசியில் அதிகம் புண்படுத்திய இடமும் திருமணம்தான். ஊரில் மணமாகாத ஆண்களுக்குத் தனி இல்லம், பெண்களுக்குத் தனி இல்லம். மணமுடிக்க விரும்பும் சகோதரன் தன் விருப்பத்தை மூப்பர் குழுவிடம் சொல்வான். பெயர் அவனே சொல்லலாம், குழுவும் சொல்லலாம். பிறகு சீட்டு. ‘இல்லை’ என்று வந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ‘ஆம்’ என்று வந்தால் பெண்ணிடம் கேட்பார்கள். அவள் மறுத்துவிடலாம், அவளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் சீட்டுக்கு இல்லை. உலகின் பல பாகங்களில் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்காத காலத்தில் இது சிறிய விஷயமல்ல. ஆனால் யாரை விரும்புகிறாள் என்று சொல்லும் முதல் வாய்ப்பு அவளுக்கு இல்லை. கேள்வியை எழுதுகிற கைதான் பாதிப் பதிலையும் எழுதுகிறது. மூப்பர்கள் எழுதாத கேள்விக்குக் கிண்ணத்தில் பதில் கிடையாது.

இந்தக் குறை முதலில் உறுத்தியது அமெரிக்காவில். வட கரோலினாவில் மொராவியர் வாங்கிய பெருநிலத்தில் சேலம் ஊருக்கான இடத்தையே சீட்டுத்தான் காட்டியது. முன்பு கேட்ட சில இடங்களுக்கு இசைவு கிடைக்காமல், 1765 பிப்ரவரி 14 அன்றுதான் ‘ஆம்’ வந்தது. அப்படிக் கட்டிய ஊர்களின் பேரப்பிள்ளைகள் சுதந்திர நாட்டின் குடிமக்களாக வளர்ந்தார்கள். அண்டை வீட்டு லுத்தரன் இளைஞன் மனம்போல மணக்கிறான். தங்களுக்கு மட்டும் ஏன் கிண்ணம்? சீட்டை மீறி மணந்தவர்கள் சபையைவிட்டு விலக்கப்பட்டார்கள். நல்ல பிள்ளைகளை இப்படி இழப்பது மூப்பர்களுக்கும் வலித்தது. 1818இல் கூடிய பொதுச் சினோடு சாதாரண உறுப்பினர்களைத் திருமணச் சீட்டிலிருந்து விடுவித்தது. ஊழியர்களுக்கும் மிஷனெரிகளுக்கும் அது இன்னும் சில காலம் நீடித்தது. 1889இல் சபை அலுவல்களிலிருந்தும் சீட்டு அதிகாரபூர்வமாக நீங்கியது. யாரும் அதை மூடநம்பிக்கை என்று தூற்றி எறியவில்லை. மனம் ஒன்றாத இடத்தில் சீட்டுப்போடுவது ஜெபமாகாது என்பதைச் சபை மெல்லக் கற்றுக்கொண்டது.

சீட்டுக்குப் பதிலாக என்ன? இதற்கு 19ஆம் நூற்றாண்டில் அதிகம் கேட்கப்பட்ட பதில் ஜார்ஜ் முல்லருடையது. அவரும் ஹாலேயில் படித்தவர். இளமையில், மிஷனெரியாகப் போவதா என்று அறிய லாட்டரிச் சீட்டு வாங்கியவர். அதில் சிறு தொகையும் விழுந்தது. அது தவறு என்று பின்னால் தாமே எழுதினார். பிரிஸ்டலில் 10,000க்கும் மேற்பட்ட அனாதைப் பிள்ளைகளைப் பராமரித்த அனுபவத்திலிருந்து அவர் சொன்ன வழி வேறு. முதலில் தன் விருப்பம் எந்தப் பக்கமும் சாயாதபடி மனதை வெறுமையாக்க வேண்டும். பிறகு வேதத்தையும் ஆவியின் நடத்துதலையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். சூழ்நிலைகளைக் கவனிக்க வேண்டும். ஜெபித்து, உள்ளத்தில் சமாதானம் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். அவருடைய மைத்துனர் ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவரால் தொடப்பட்ட ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், வெளிநாட்டு மிஷன்களின் சம்பளத்தை நம்பாமல் ஊழியம் செய்யத் துணிந்தார். 1840இல் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்டியான்பேட்டை எழுந்தது. திருநெல்வேலிச் சீமையில் 1860இல் பரவிய எழுப்புதல் அவரைச் சுற்றித் தொடங்கியது.

சீட்டு முற்றிலும் போய்விடவும் இல்லை. 1728 மே 3 அன்று மாலைப் பாடல் கூட்டத்தில் சின்சென்டார்ஃப் மறுநாளுக்கென்று ஒரு வசனத்தைக் கொடுத்தார். காலையில் சகோதரர்கள் வீடுவீடாகப் போய் அதைச் சொல்லி, வீட்டாரின் நலமும் விசாரித்தார்கள். 1731இல் அது ஆண்டு முழுமைக்குமான சிறு நூலாக அச்சேறியது. அன்றிலிருந்து தடையின்றி வருகிறது, 50க்கும் மேற்பட்ட மொழிகளில். தமிழ்நாட்டுச் சபைகளில் புதுவருட ஆராதனையில் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிறவர்களுக்கு இந்த வழக்கம் அந்நியமாகத் தோன்றாது.

இன்றும் ஹெர்ன்ஹூட்டில் ஒரு சிறு குழு கூடி, ஏறக்குறைய 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களுக்கான எண்கள் கிடக்கும் கிண்ணத்திலிருந்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக எடுக்கிறது. மூன்று ஆண்டுக்குப் பிந்திய நாள்களுக்கான வசனங்கள் அவை. அப்போது யாருக்கு என்ன துயரம், எந்த நாட்டில் என்ன நடக்கும் என்று எடுக்கிற கைக்குத் தெரியாது. ஆனால் அதோடு சேரும் புதிய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டு தருவதில்லை. கிடைத்த வசனத்தை வாசித்து, யோசித்து, ஜெபித்து, அதற்குப் பொருந்துவதை ஒருவர் தேடியெடுத்துச் சேர்க்கிறார்.