தழும்பில்லாத உடம்பின் சாட்சியம்

பவானியிலிருந்து அந்தியூர் வழியாகப் பர்கூர் மலை ஏறுகிற சாலை, கர்நாடகத்துக்குள் கொள்ளேகால் பக்கம் போய் இறங்குகிறது. மாதேஸ்வரன் மலையும் அந்தக் காட்டுத் தொடரில்தான். வீரப்பன் தேடுதல் என்ற பேரில் 1990களில் அதிரடிப்படை, மலையோரச் சனங்களைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவைத்த இடத்துக்கு 'ஒர்க் ஷாப்' என்று பெயர். பழுது பார்க்கிற இடமாம்! உடம்பில் மின்சாரம் பாய்ச்சியது உட்பட அங்கே நடந்தவை சாட்சியங்களாக வந்திருக்கின்றன. பவானி வழக்கறிஞர் ச.பாலமுருகன் எழுதிய 'சோளகர் தொட்டி' (2004) நாவலும் அந்தக் கொடுமைகளைத்தான் பேசுகிறது. இங்கே கேட்க நினைப்பது வேறு. விட்டு அனுப்பிய பிறகு அந்த உடம்பு என்னவாகிறது? அதை யார் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள்?

இதயம், மூச்சு, வேர்வை, குடல் எதுவும் நம் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. தானியங்கி நரம்பு மண்டலம் அவற்றை நடத்துகிறது. ஆபத்து என்றால் பரிவு நரம்புகள் முடுக்கிவிடும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், குடல் வேலையை நிறுத்தும். எதிர்ப்பரிவு நரம்புகள் பிற்பாடு அடக்கிக் கொண்டுவரும். (சண்டைக்குத் தயார் செய்கிற நரம்புக்குப் 'பரிவு' என்று பெயர் வைத்த வேடிக்கை ஒருபக்கம் இருக்கட்டும்.) எதிர்ப்பதற்கோ ஓடுவதற்கோ உடம்பு இப்படித் தயாராகிறது என்று வால்டர் கேனன் 1915இல் எழுதினார். கட்டித் தொங்கவிடப்பட்டவன் எதிர்க்கவும் முடியாது, ஓடவும் முடியாது. முடுக்கிவிடப்பட்டது முழுசாக அடங்காமலே போய்விடலாம். வருடங்கள் கழித்தும் ஜீப் சத்தம் கேட்டால் போதும், புத்தி சமாதானம் சொல்வதற்குள் நெஞ்சு ஓட ஆரம்பித்துவிடும். தூக்கம் கெடும், சோறு செரிக்காது. மூச்சோடு சேர்ந்து இதயத் துடிப்பின் இடைவெளி கொஞ்சம் கூடிக் குறைய வேண்டும். இந்தப் பாதிப்புள்ள பலரிடம் அந்த நெகிழ்வு குறைந்திருப்பதை இன்று அளந்தே காட்டுகிறார்கள். 'பயப்படாதப்பா, எல்லாம் முடிஞ்சு போச்சு' என்று சொல்வது அந்த நரம்புகளுக்குக் கேட்பதில்லை.

இந்த அறிவு யாருடைய உடம்பிலிருந்து திரட்டப்பட்டது என்று பார்த்தால் ஒரு சங்கதி புரியும். 1871இல் டா கோஸ்டா 'எரிச்சலுற்ற இதயம்' என்று எழுதியது அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களைப் பற்றி. 1915இல் மையர்ஸ் எழுதிய 'ஷெல் ஷாக்' பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பற்றி. (அதே போரில் ஓடிப்போனவன், கோழை என்றெல்லாம் சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆட்களையே சுட்டுக் கொன்றது. 306 பேருக்கு மன்னிப்பு வந்தது 2006இல்.) வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் போராடிய பிறகே 1980இல் அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் இதற்கு இன்றைய பெயர் ஏறியது. துப்பாக்கி பிடித்தவனின் படபடப்பு நோயாயிற்று. துப்பாக்கிக்கு முன் நின்றவனின் படபடப்பு?

ஃபனான் இங்கே முக்கியமானவர். அல்ஜீரியாவில் வதைபட்டவனுக்கும் வதைத்த போலீஸ்காரனுக்கும் வைத்தியம் பார்த்தவர். மின்சார வதைக்கு ஆளானவர்கள் விளக்கு சுவிட்சைத் தொடவும் ரேடியோவைப் போடவும் நடுங்கியதை 1961இல் வெளிவந்த தன் கடைசிப் புத்தகத்தில் பதிவு செய்கிறார். அவருக்கு அது தனிமனிதக் கோளாறு அல்ல, காலனியத்தின் விளைவு. யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம், போரில் அகப்பட்ட சாதாரண சனங்களை வைத்து இதே வேலையைச் செய்தார். 'மனவடு' என்ற சொல் ஈழத்தமிழில் புழங்குகிறது. நல்ல சொல்தான். ஆனால் வடு மனசில் மட்டுமா இருக்கிறது?

நம்மூரில் இதற்குப் 'பயந்த கோளாறு' என்பார்கள். வேப்பிலை அடித்துத் திருநீறு போடுவார்கள். படிச்சவர்கள் சிரிக்கலாம், பயம் உடம்பில் தங்கும் என்பதை அந்தப் பெயர் ஒப்புக்கொள்கிறது. பயமுறுத்தியது யார் என்று மட்டும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய இடம் வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது. சின்ன விஷயமில்லை. ஆனால் நமது சட்டம் பொதுவாகக் கேட்பது காயச் சான்றிதழ், தேதி, தழும்பு. கணக்கில் வராத காவலில் கிடந்தவனுக்கு எந்த டாக்டர் சான்றிதழ் எழுதுவார்? சாட்சிக் கூண்டில் வேர்த்து, நாக்கு வறண்டு, முன்பின்னாகச் சொன்னால் 'சாட்சி முரண்படுகிறார்' என்று குறித்துக்கொள்கிறார்கள். வதையின் தடயமே சாட்சிக்கு எதிரான தடயமாகிறது.

தழும்பு இல்லாததால் வதை நடக்கவில்லை என்று ஆகிவிடாது என்கிறது ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை. அதுவும் 1999இல் உருவானதுதான். வதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.