செயலிப் புதுப்பிப்பு

பயனாளரின் கைத்தொலைபேசியில் முன்னரே நிறுவப்பட்டிருக்கும் ஒரு செயலியை, அதனை ஆக்கியோர் பின்னர் வெளியிட்ட பதிப்புக்கு மாற்றி, அவ்வாறு மாற்றுங்கால் அதனுள் சேமித்துவைத்த செய்திகளும் படங்களும் கணக்கு விவரங்களும் சேதமுறாதபடி காப்பது செயலிப் புதுப்பிப்பு எனப்படும். பிழை களைதலும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்தலும், புதிய வசதிகளைச் சேர்த்தலும், தொலைவிலுள்ள சேவையகத்தோடு உரையாடும் முறையை மாற்றிக்கொள்ளுதலும் இதன் பிரயோசனங்கள். இவற்றுள் இறுதியிற் கூறியதே நிர்ப்பந்தம் மிகுந்தது. ஏனெனில் சேவையகம் தன் முறையை மாற்றிக்கொண்ட பின்னர், பழைய பதிப்பு தன்னளவிற் பழுதேதும் இல்லாதிருந்தும் பயனற்றுப்போகின்றது. இக்கட்டுரை பொது விவரங்களோடு, திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள திரியாயையும் அதனைச் சூழ்ந்த கரையோரத்தையும் உதாரணமாகக் கொள்கின்றது.

பூர்வ வரலாறு

விற்பனையாகி உரியவரின் கையை அடைந்துவிட்ட ஒரு பொருளை, அதனை வெளியிட்டோர் அதன் பின்னரும் விடாது திருத்திவரும் ஏற்பாடு கணினிக்கு மிகவும் முற்பட்டது. அதன் சீரிய வடிவம் கடல் வரைபடங்களிற் காணப்படுகின்றது. பிரித்தானியக் கடற்படையின் நீர்ப்பரப்பியல் அலுவலகம் 1795 இல் அலெக்சாண்டர் டால்ரிம்பிளைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பட்டது. 1834 முதல் அவ்வலுவலகம் ‘மாலுமிகளுக்கான அறிவித்தல்கள்’ என்னும் வெளியீட்டை நடாத்தலாயிற்று. 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய திருகோணமலை போன்ற துறைமுகங்களுக்கு வந்துபோன கப்பல்களில், வரைபடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி, புதிதாகக் கண்ட பாறையையோ இடம் மாறிய மிதவையையோ அவ்வறிவித்தலைப் பார்த்துத் தம் கையாலேயே ஊதா மையால் குறித்து, அத்திருத்தத்தின் இலக்கத்தை வரைபடத்தின் இடது கீழ் மூலையில் எழுதிவைப்பார். ஒவ்வோர் அறிவித்தலும் தனக்கு முந்திய திருத்தத்தின் இலக்கத்தையும் கூடவே தெரிவிக்கும். ஆதலால் இடையில் ஒன்று தவறியிருப்பின் அது உடனே புலனாகும். திருத்தங்கள் மிகுந்து வரைபடம் கலங்கிப்போகுமிடத்து, பழையதைக் கழித்துப் புதிய பதிப்பை அச்சிடுவர். சிறு திருத்தம், முழுப் பதிப்பு என்னும் இப்பாகுபாடும், எந்தப் பதிப்பின்மேல் எந்தத் திருத்தம் பொருந்தும் என்னும் கணக்கும் இன்றைய செயலிகளில் அப்படியே தொடர்கின்றன. மை பூசும் அதிகாரி மாத்திரமே மறைந்துவிட்டார்.

கைத்தொலைபேசியில் இவ்வேற்பாடு ஜாவாச் செயலிகளோடு ஆரம்பமாகின்றது. அவற்றுக்கென 2002 இல் முடிவுசெய்யப்பட்ட எம்.ஐ.டி.பி. 2.0 நியமம், ஒவ்வொரு செயலிக்கும் பதிப்பிலக்கம் ஒன்று இருத்தல் வேண்டும் என்றும், வானலை வழியே புதிய பதிப்பு வருமிடத்துப் பழையதை மாற்றலாமா என உடைமையாளரைக் கேட்டல் வேண்டும் என்றும் விதித்தது. விதி இருந்தும் வழக்கம் வேறாக இருந்தது. பலர் செயலிகளை வானலை வழியாகப் பெறாமல், தொலைபேசிக் கடைக்காரரிடம் மெமரி கார்ட்டைக் கொடுத்துப் பாட்டுகளோடு சேர்த்து நிரப்பிக்கொண்டோ, நண்பரிடமிருந்து புளூடூத்தில் வாங்கிக்கொண்டோ வந்தனர். அவ்வாறு வந்த செயலி பெரும்பாலும் வந்த கோலத்திலேயே இருந்து, தொலைபேசியோடு கூடவே முடிந்தது.

தமிழ் எழுதுவோருக்கு இக்காலம் ஒரு தனி அத்தியாயம். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் ஆக்கிய ‘செல்லினம்’ 2005 ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டு, கைத்தொலைபேசியில் தமிழிற் குறுஞ்செய்தி எழுத வழிசெய்தது. பிற்காலத்தில் அது ஐபோனுக்கு வந்தபோதும், தன் திரைக்குள் மாத்திரமே தமிழைத் தட்டச்சிட்டு வேறிடத்துக்குப் பெயர்க்கவேண்டிய நிலையில் இருந்தது. 2014 இல் வெளியான ஐஓஎஸ் 8, பிறர் ஆக்கிய விசைப்பலகைகளை எல்லாச் செயலிகளிலும் அனுமதித்த பின்னரே அத்தடை நீங்கிற்று. செயலியை எத்துணை புதுப்பிப்பினும், அதனைத் தாங்கும் இயங்குதளம் இடங்கொடாவிடிற் பயனில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று தமிழில் இல்லை.

இதற்கு நேர் மாறான உபாயத்தை 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியான ஒப்பெரா மினி உலாவி கையாண்டது. தமிழ் எழுத்துருவே இல்லாத தொலைபேசிகளில் வெறும் கட்டங்களாகத் தெரிந்த பக்கங்களை, அவ்வுலாவியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றிவிட்டால், நிறுவனத்தின் சேவையகமே எழுத்துகளைப் படங்களாக்கி அனுப்பும். தமிழ் வாசகர் பலர் கைத்தொலைபேசியில் முதன்முதலாகத் தமிழ் வாசித்தது இந்தத் தந்திரத்தினாலேயாம். கையிலுள்ள செயலியில் ஓர் எழுத்தும் மாறாது, தொலைவில் நிகழும் மாற்றமே பயனாளருக்குப் புதுமையாக வந்து சேர்ந்தது.

அப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை 2008 ஜூலை 10 ஆந் திகதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அண்ட்ரொய்ட் சந்தை தொடங்கி, 2012 மார்ச்சில் கூகுள் பிளே எனப் பெயர் மாறிற்று. கடையும் திருத்தமும் ஒரே கூரையின்கீழ் வந்தமை பெரும் சௌகரியமே. அண்ட்ரொய்டில் 2010 இலும் ஐபோனில் 2013 இலும் தானியங்கு புதுப்பிப்பு வழக்கிற்கு வந்தது.

வகைகள்

சுமையின் அளவைக்கொண்டு புதுப்பிப்பு முழுமாற்றம், வேற்றுமைத் திருத்தம் என இருவகைப்படும். முன்னையதில் செயலி முழுவதும் மறுபடி இறங்குகின்றது. பின்னையதில் பழைய பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வேற்றுமை மாத்திரமே இறங்கி, தொலைபேசியிலேயே பழையதோடு இணைக்கப்படுகின்றது. கொலின் பெர்சிவல் 2003 இல் வெளியிட்ட பிஎஸ்டிப் என்னும் கருவி இத்துறைக்கு அடித்தளமாயிற்று. கூகுள் 2012 இல் வேற்றுமைத் திருத்தத்தை அறிமுகஞ்செய்து, 2016 டிசம்பரில் அதனினும் நுட்பமான ஒரு முறையை அறிவித்தது; அதன்படி திருத்தத்தின் பருமன் முழுச் செயலியினும் சராசரி 65 வீதம் குறைந்ததாக அந்நிறுவனம் கூறிற்று. ஆயின் அத்திருத்தத்தை இணைப்பதற்குத் தொலைபேசி வெகுநேரம் உழைக்கவேண்டியிருந்தமையால், இரவில் மின்னேற்றத்திற் கிடக்கும்போது பின்னணியில் நிகழும் தானியங்கு புதுப்பிப்புகளுக்கு மாத்திரமே அது அப்போது வழங்கப்பட்டது. பகலில் ரீலோட் போட்டு, கணக்குப் பார்த்து, ஒரேயொரு செயலியைக் கையாற் புதுப்பிப்பவருக்கு, சிக்கனம் மிக அவசியமான அவருக்கே, அச்சிக்கனம் எட்டவில்லை.

கர்த்தாவைக்கொண்டு வகுப்பின் கைப்புதுப்பிப்பு, தானியங்கு, நிர்ப்பந்தம் என மூவகை. தானியங்கு புதுப்பிப்பு, கருவி வைஃபை இணைப்பிலும் மின்னேற்றத்திலும் ஓய்விலும் இருக்க, செயலி திரையில் திறந்திராதபோதே வழக்கமாக நிகழும். நிர்ப்பந்தப் புதுப்பிப்பில், புதிய பதிப்பைப் பெறும்வரை செயலி தன்னைத் திறக்க விடாது. ஆக்குநர்கள் இதனைச் செயலிக்குள்ளேயே அமைக்கும் வசதியைக் கூகுள் 2019 இல் அளித்தது. வெளியிடும் முறையைக்கொண்டு ஒருங்கே வெளியிடல், படிப்படியாக வெளியிடல் எனவும் பிரிப்பர். அப்பிளின் படிமுறையில் முதல் நாள் நூற்றுக்கு ஒருவருக்குத் தொடங்கி, 2, 5, 10, 20, 50 எனப் பெருகி, ஏழாம் நாள் எல்லோருக்கும் செல்லும்; பிழை தென்படின் இடையில் நிறுத்தலாம். இவ்வகைகளெல்லாம் ஆக்குநரின் நோக்கில் வகுக்கப்பட்டவை. பெறுவோர் நோக்கில் வகுக்கப் புகுவோமாயின், காசில்லாமல் வருவது, காசுக்கு வருவது என்ற இரண்டே வகைகள்தாம் எஞ்சும்.

பழைய பதிப்பையே வைத்திருத்தல் உடைமையாளரின் உரிமை என வாதிப்போரும் உளர். 2019 மே மாதத்தில், அழைப்பை ஏற்காதபோதுங்கூட வேவு மென்பொருளை உட்புகவிட்ட ஓர் ஓட்டை வட்ஸ்அப்பிற் கண்டுபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ 150 கோடிப் பயனாளர்களைப் புதுப்பிக்கும்படி அந்நிறுவனம் வேண்டிக்கொண்டதன் பின்னர், அவ்வாதம் வலியிழந்தது.

திரியாயும் கரையோரமும்

பல்லவ கிரந்த எழுத்திற் பொறித்த சமஸ்கிருதப் பாறைச் சாசனத்தினால் ஆராய்ச்சியாளர் நன்கறிந்த திரியாய், தொலைத்தொடர்பின் வரலாற்றில் நெடுங்காலம் வெற்றிடமாகவே இருந்தது. 1985 இல் உள்நாட்டு யுத்தத்தின்போது ஊர் எரியுண்டு மக்கள் இடம்பெயர்ந்தனர்; தென்னாசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவையாகிய செல்டெல் 1989 இல் கொழும்பில் தொடங்கியபோது இங்கே அதனைக் கேட்க ஆளில்லை. 2002 ஆம் ஆண்டின் யுத்த நிறுத்தத்தை ஒட்டி மக்கள் சிறிது சிறிதாக மீளலாயினர்.

இத்தகைய ஊரிற் புதுப்பிப்பு என்பது மனமிருந்தாற் செய்யும் காரியமன்று. போக்குவரத்தைப் பற்றிய காரியம். வீட்டில் வைஃபை இல்லாதவருக்கு மேலே கூறிய நான்கு நிபந்தனைகளில் முதலாவதே நிறைவேறுவதில்லை; ஆகவே தானியங்கு என்று பெயர்பெற்றது அவரிடத்தில் இயங்காமலே கிடக்கும். இலங்கைத் தொலைபேசி நிறுவனங்களின் டேட்டா பெக்கேஜ்களில் எந்நேரமும் உபயோகிக்கும் ஒதுக்கீடு வேறு, நள்ளிரவுக்குப் பின் உபயோகிக்கும் ஒதுக்கீடு வேறு எனப் பிரிவு நெடுங்காலமாக உண்டு. பின்னையது விடியுமுன் வீணாவதைக் காட்டிலும் புதுப்பிப்புக்கு உதவுமென்று விழித்திருப்போர் உளர். வட்ஸ்அப்புக்கு மாத்திரம் என விற்கப்படும் பெக்கேஜோ, அச்செயலிக்குள் நிகழும் பேச்சுக்கே பெரும்பாலும் செல்லும். அதே வட்ஸ்அப்பைப் பிளே ஸ்டோரிலிருந்து புதுப்பிக்க வேறு டேட்டா வேண்டும். புதுப்பிக்காதோரைச் சோம்பேறிகள் என்பார் இக்கணக்கைப் பாராதவர்.

இவ்விடுக்கணுக்குக் கிராமங்கள் கண்ட பரிகாரம், புளூடூத் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சியாகிய நேரடிப் பரிமாற்றம்: ஒருவர் இறக்கியதை ஷெயாரிட் போன்ற செயலியால் அயலாருக்குக் கொடுப்பது, அல்லது பஸ்ஸேறிப் பட்டணத்துக்குச் செல்பவர் கொமினிகேஷன் கடையில் ஏற்றிவருவது. அண்ட்ரொய்டின் கையொப்ப விதிப்படி, ஒரே ஆக்குநரின் கையொப்பம் கொண்ட பதிப்பே பழையதன்மேல் அமரும்; ஆதலால் மூலப் பிரதியாக இருப்பின், அது எவர் கைப்பட்டு வந்ததாயினும் பிற்பாடு கடையிலிருந்தும் புதுப்பிக்கலாம். கூகுளும் 2018 இல் இப்பரிமாற்றத்துக்கு அங்கீகாரம் தரும் அடையாளத்தைப் பிரதிகளிற் சேர்க்கத் தொடங்கிற்று. ஆனால் அதே ஆண்டு அறிமுகமாகி, 2021 ஓகஸ்ட் முதல் புதிய செயலிகளுக்குக் கட்டாயமான தொகுப்பு முறை, செயலியைத் திரை, மொழி, செயலகச் சில்லு என்பவற்றுக்கேற்பத் துண்டுகளாக்கி அவ்வக் கருவிக்குரியதை மாத்திரம் அனுப்புவதால், இறக்கும் சுமை குறைந்தது. கூடவே, ஒரு தொலைபேசியிலிருந்து எடுத்த பிரதி மற்றொன்றுக்குப் பொருந்தாத சந்தர்ப்பங்களும் பெருகின. ஜிபி வட்ஸ்அப் முதலிய திருத்திய பிரதிகள் இக்கணக்கிற் சேரா. அவை கடைக்குப் புறம்பானவை, அவற்றை உபயோகிப்போரின் கணக்குகளை வட்ஸ்அப் தற்காலிகமாக முடக்குவதும் உண்டு.

2020 டிசம்பர் 2 ஆந் திகதி இரவு புரெவிச் சூறாவளி இலங்கைக் கரையைத் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையிற் கடந்தது. இத்தகைய அனர்த்தங்களின் எச்சரிக்கைக்கென டயலொக் நிறுவனமும் மைக்ரோஇமேஜும் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வுகூடமும் சேர்ந்து ஆக்கி, 2009 இல் தொடங்கிய டியூன் வலையமைப்பு, குறுஞ்செய்தியையும் கோபுர ஒலிபரப்பையும் ஆதாரமாகக் கொண்டது. பொத்தான் தொலைபேசியும் அவற்றைப் பெறும், பதிப்பிலக்கம் பார்ப்பதில்லை. காற்றின் போக்கைக் காட்டும் விண்டி போன்ற செயலிகளோ, ஒவ்வொரு முறையும் தரவைச் சேவையகத்திலிருந்து பெறுவதால், செயலி பழையதாயினும் தரவு புதியதாயிருக்கும், சேவையகத்தின் முறை மாறாதவரைக்கும். 2022 ஜூலையில் அரசு நடைமுறைப்படுத்திய தேசிய எரிபொருள் அனுமதியும், பெறுவோர் கையிலுள்ள செயலியை நம்பியிராத இந்த விவேகத்தையே தழுவிற்று: வாகனக்காரர் கியூஆர் குறியீட்டைக் காகிதத்தில் அச்சிட்டும் வைத்திருக்க முடிந்தது, புதுப்பிக்கவேண்டிய செயலி எரிபொருள் நிலையத்தின் கையில் இருந்தது.

அரசுகள் புதுப்பிப்பின் வழியை மறிப்பதும் நிகழ்ந்துள்ளது. 2020 ஜூன் 29 இல் இந்திய அரசு ஷெயாரிட், செண்டர் உட்பட 59 செயலிகளைத் தடைசெய்ய, அவை அங்கே கடைகளிலிருந்து நீங்கின; அதனால், கிராமத்துக் கைமாற்று வழக்கத்துக்கு உதவிய இரு செயலிகள் தமிழ்நாட்டிற் புதுப்பிப்பின்றி நின்றன.

இன்றைய நிலை

நொக்கியா சிம்பியன் தொலைபேசிகளில் வட்ஸ்அப் 2017 ஜூனோடு நின்றுவிட்டது. பழைய அண்ட்ரொய்ட் பதிப்புகளும் ஒவ்வொன்றாக அவ்வரிசையிற் சேர்ந்துவருகின்றன. 2024 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐபோனுக்கு வேறு கடைகளும் அனுமதிக்கப்பட்டுள்ளன. செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் இலங்கையில் ஆரம்பமாயிற்று.