பவர் பத்திரமும் ப்ராக்ஸியும்

போன ஞாயிறு மகள் கல்லூரி வேலைக்காக பைஸ்பார்க்கில் ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தாள். எழுதியது பைத்தானில். வந்த எரரோ பக்கம் பக்கமாக ஜாவாவில். "நான் ஜாவாவே எழுதலையேப்பா?" என்றாள். நான் பி.காம்., வங்கியில் குப்பை கொட்டுபவன். ஆனாலும் விடாமல் தோண்டினேன். (பொட்டி தட்டும் மக்கள் பொறுத்தருள்க!)

1984ல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் பிரெல், நெல்சன் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேறு கணினியில் இருக்கும் நிரலை, நம் கணினியிலேயே இருப்பதுபோல் அழைக்கும் வழி அது. நம் பக்கம் ஒரு 'ஸ்டப்' நிற்கும். வேலையை அது செய்யாது. கேட்டதை மூட்டை கட்டி அனுப்பி, பதிலை வாங்கித் தரும். ஊரை விட்டு வந்த நமக்குத் தெரியாததா, பவர் ஏஜென்ட்தான்!

ஜாவா வந்தது 1995ல். 1997ல் ஜிம் ஹுகுனின் வேறு வழியில் போனார். பைத்தானையே ஜாவாவில் திரும்ப எழுதி இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தார். அதுதான் ஜேபைத்தான், பிற்பாடு ஜைத்தான். சுகமான ஏற்பாடு, ஆனால் சி மொழியை நம்பிய நம்பை போன்றவை அங்கே ஓடாது. பைத்தான் 3 வந்தது 2008ல், ஜைத்தான் 2.7ஐத் தாண்டவில்லை.

ஆகவே மறுபடி ஏஜென்ட். 2013ல் பைத்தானுக்குக் கதவு திறந்த ஸ்பார்க், பை4ஜே என்பதைப் பிடித்துக்கொண்டது. ஜாவா தன் வீட்டில், பைத்தான் தன் வீட்டில், நடுவே ஒரு சாக்கெட். பைத்தான் கையில் இருப்பது பொருள் அல்ல, அந்தக்கால வங்கி டோக்கன் மாதிரி ஓர் அடையாளம். ஒவ்வொரு அழைப்பும் ஒரு நடை என்பதால் கட்டளைகள் மட்டும் இவ்வழி. பெரிய தரவு வேறு வழியில் போகும்.

எனக்குப் பிடித்த இடம் இனிதான். ஜாவாவின் துப்புரவாளருக்கு பைத்தான் வீடு தெரியாது. டோக்கன் வெளியே இருக்கும்வரை பொருளைத் தூக்கிப் போடவும் முடியாது. பைத்தான் கைவிட்டுத் தகவல் அனுப்பினால்தான் உண்டு. அனுப்பாவிட்டால் நினைவகம் நிரம்பிக்கொண்டே போகும்.

எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். அப்பா புனேயில் எங்களோடு இருந்தபோது ஊர் வீட்டுக்குச் சித்தப்பாவிடம் பவர் கொடுத்திருந்தார். அப்பா போன அன்றே அது செல்லாது. வங்கிக்காரனான எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மாத வாடகை ரசீதில் சித்தப்பா அப்பாவுக்காகவே கையெழுத்துப் போட்டார்.

"சரிப்பா, என் எரர்?" என்றாள் மகள். ஜாவா சொன்னதை ஏஜென்ட் வரி பிசகாமல் ஒப்பித்திருந்தது. முதல் வரியிலேயே இருந்தது: அப்படி ஒரு கோப்பு இல்லையாம். பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.