குதிரைவழிச் சிகிச்சையின் வரலாறு

குதிரைவழிச் சிகிச்சை என்பது, பழக்கப்பட்ட குதிரைகளின் துணையுடன் உடல், உள்ளக் குறைபாடுகளுக்கு அளிக்கப்படும் பல்வேறு பயிற்சி முறைகளின் பொதுப்பெயர் ஆகும். இன்று இது மனநலத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆனால் இதன் நவீன வரலாறு, செயலிழந்த இரு கால்களிலிருந்து தொடங்குகிறது.

லிஸ் ஹார்ட்டல்

லிஸ் ஹார்ட்டல் (1921–2009) டென்மார்க் நாட்டுக் குதிரையேற்ற வீராங்கனை. 1944-ஆம் ஆண்டு, கருவுற்றிருந்த வேளையில், இளம்பிள்ளை வாதம் (போலியோ) அவரைத் தாக்கியது. பெண் குழந்தை நலமாகப் பிறந்தது. நீண்ட பயிற்சியால் தாயும் ஓரளவு தேறினார். ஆனால் முழங்காலுக்குக் கீழே அசைவு திரும்பவில்லை. ஆயினும் அவர் மீண்டும் குதிரையேறினார்.

டிரெசாஜ் எனப்படும் குதிரை நடைப் போட்டியில், அதுவரை இராணுவ அதிகாரிகள் மட்டுமே ஒலிம்பிக்கில் பங்கேற்க முடிந்தது. 1952-இல் ஹெல்சிங்கியில் முதன்முறையாகப் பெண்களும் அனுமதிக்கப்பட்டனர். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் துணை தேவைப்பட்ட ஹார்ட்டல், 'ஜூபிலி' என்ற குதிரையில் ஆண்களுக்கு எதிராகப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். பதக்க மேடையில் ஏற, தங்கம் வென்ற சுவீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர் கைகொடுத்தார். 1956-இலும் ஹார்ட்டல் வெள்ளி வென்றார்.

இவ்வெற்றி, மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சிக்குப் பெரும் ஊக்கமளித்தது. 1969-இல் பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் இதற்கான சங்கங்கள் அமைக்கப்பட்டன.

உடலிலிருந்து உள்ளத்திற்கு

குதிரை நடக்கும்போது, அதன்மேல் அமர்ந்திருப்பவரின் இடுப்பு முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், மேலும் கீழுமாகவும் அசைகிறது. இவ்வசைவு மனிதர் நடக்கும்போது இடுப்பில் ஏற்படும் அசைவை ஒத்தது. எனவே இயன்முறை மருத்துவர்கள், உடல் சமநிலையையும் தசைக் கட்டுப்பாட்டையும் வளர்க்க இதனைப் பயன்படுத்துகின்றனர்.

உளநலப் பயிற்சியின் அடிப்படை வேறு. இதில் பெரும்பாலும் சவாரி இல்லை. பயிற்சி பெறுபவர் தரையில் நின்று குதிரையை அணுகுகிறார், தேய்த்துவிடுகிறார், கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்கிறார். குதிரை, வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் இனம். ஆதலால் சுற்றியுள்ளோரின் சிறு அசைவையும் அது கூர்ந்து கவனிக்கும். சினந்த மனித முகத்தின் படத்தைக் கண்டபோது குதிரைகளின் இதயத் துடிப்பு விரைவாக உயர்ந்ததை, 2016-இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பதற்றத்தோடு நெருங்கினால் குதிரை விலகக்கூடும். நிதானமாக நெருங்கினால் அது நின்று இடம் கொடுக்கும். தன் நடத்தையைத் தானே உணர இது வாய்ப்பளிக்கிறது. குதிரைக்கும் மனிதருக்கும் இடையே நிகழ்வதை, உடனிருக்கும் உளநல வல்லுநர் உரையாடலுக்குப் பொருளாக்குகிறார். போரின் நினைவுகளால் வதைபடும் முன்னாள் படைவீரர்களுக்கும், ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்கும் இம்முறை பயன்படுத்தப்படுகிறது.

எல்லைகள்

மனநலத் துறையில் இதுவரை நடந்த ஆய்வுகள் பல, சிறிய குழுக்களைக் கொண்டவை. ஆகவே மருந்துக்கோ உளவியல் ஆலோசனைக்கோ இது மாற்றாகாது. அவற்றுக்குத் துணையாகவே கொள்ளத்தக்கது. ஹார்ட்டலின் வரலாறும் இதையே காட்டுகிறது. குதிரை அவருடைய கால்களைக் குணப்படுத்தவில்லை. குணமாகாத கால்களோடும் அவர் தம் துறைக்குத் திரும்ப அது துணை நின்றது.